9 வாட் பல்பில் மூன்று நட்சத்திரமா, ஐந்தா? லேபிள் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி இதுதான்: கடையில் இரண்டு 9 வாட் எல்.இ.டி. பல்புகள். ஒன்றின் அட்டையில் மூன்று நட்சத்திரம், மற்றதில் ஐந்து. விலையில் நல்ல வித்தியாசம். இரண்டும் 9 வாட் என்றால் கரண்ட் பில்லும் ஒன்றாகத்தானே வரும்? பிறகு நட்சத்திரம் எதற்கு? 25,000 மணி நேரம் எரியும் என்று அச்சடித்த பல்பு ஒரே வருடத்தில் போய்விடுகிறதே, அரசு வைத்திருக்கும் தரநிலை அதைத் தடுக்காதா?

பில் விஷயத்தில் கேட்டவர் சொல்வது சரி. 9 வாட் பல்பு எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் 9 வாட்தான் இழுக்கும். மாறுவது வெளிச்சம். நட்சத்திரம் என்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு: பல்பு தரும் மொத்த வெளிச்சத்தை, அதாவது லுமனை, அது இழுக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். இந்தியாவில் எல்.இ.டி. பல்புக்கு நட்சத்திர லேபிள் 2018 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அப்போது வைத்த அட்டவணைப்படி ஒரு வாட்டுக்கு 68 லுமன் முதல் 79க்குக் கீழ் வரை ஒரு நட்சத்திரம். 79 முதல் இரண்டு, 90 முதல் மூன்று, 105 முதல் நான்கு. 120 லுமனைத் தொட்டால் ஐந்து. 68க்குக் கீழே இருந்தால் விற்கவே முடியாது. ஆகவே 9 வாட் மூன்று நட்சத்திர பல்பு 810 முதல் 945 லுமன் வரை தரும். ஐந்து நட்சத்திர பல்பு குறைந்தது 1,080 லுமன் தரும்.

இதனால் வாட்டை வைத்து இரண்டு பல்புகளை ஒப்பிடுவதில் பயனில்லை. லுமனை முதலில் முடிவு செய்யுங்கள், அதன்பின் அந்த லுமனைக் குறைந்த வாட்டில் எது தருகிறது என்று பாருங்கள். குண்டு பல்பு காலத்தில் வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் புரிந்துவிடும், ஏனென்றால் எல்லாக் கம்பெனி பல்பும் ஏறக்குறைய ஒரே திறனில்தான் இருந்தன. நம் 230 வோல்ட் மின்சாரத்தில் 40 வாட் குண்டு பல்பு 400 லுமனுக்குச் சற்று மேலே, 60 வாட் 700 அளவில், 100 வாட் 1,300 அளவில் தரும். 60 வாட் பல்பு எரிந்த இடத்துக்கு 800 லுமன் வாங்கினால் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்கு 2,000 லுமன் போட்டால், சுவரும் கூரையும் விழுங்கியது போக, தரையில் சுமார் 100 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 100 லுமன், கிடைக்கும். புழங்க அது தாராளம். புத்தகம் படிக்கவும் காய் நறுக்கவும் அது போதாது. அந்த இடத்துக்கு மேலே தனியாக ஒரு விளக்கு போடுவதுதான் சரி, அறை முழுவதையும் மூன்று மடங்கு வெளிச்சமாக்குவது வீண்.

இப்போது பணக் கணக்கு. 900 லுமன் தேவை என்று வைப்போம். வாட்டுக்கு 100 லுமன் தரும் மூன்று நட்சத்திர பல்பு 9 வாட்டில் இதைத் தரும். 120 லுமன் தரும் ஐந்து நட்சத்திர பல்பு 7.5 வாட்டில் தரும். மிச்சம் ஒன்றரை வாட். தினம் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 2.7 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 16 ரூபாய்தான். விலை வித்தியாசம் 30 ரூபாய்க்குள் என்றால் இரண்டு வருடத்தில் திரும்பி வரும், 150 ரூபாய் என்றால் ஒன்பது வருடம் ஆகும். தினம் ஒரு மணி நேரம் மட்டும் எரியும் ஸ்டோர் ரூமுக்கு ஐந்து நட்சத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை. இரவு முழுக்க எரியும் வாசல் விளக்குக்கும், மாடிப்படிக்கும், கடைக்கும் தேடலாம்.

வீட்டில் பெரிய மிச்சம் வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒரு 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 9 வாட் எல்.இ.டி. போட்டால், அதே 5 மணி நேரக் கணக்கில், வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம். இன்னும் பல வீடுகளில் இருக்கும் 'ஜீரோ வாட்' பல்பைப் பாருங்கள். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 12 முதல் 15 வாட். பழைய சக்கர மீட்டரில் அந்தச் சின்ன இழுவை சரியாகப் பதிவாகாததால் வந்த பெயர் என்பார்கள், இப்போதைய மீட்டர் விடாது. 15 வாட் இரவில் 9 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 49 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. நைட் லேம்ப் 2 யூனிட்டைக்கூடத் தொடாது. சாமி படத்துக்கு மேலே நாள் முழுக்க எரியும் சிவப்பு பல்புக்கும் இதே கணக்கு.

அடுத்தது செம்புச் சோக் வைத்த பழைய டியூப் லைட். டியூபில் 36 வாட் என்று இருக்கும். சோக் தன் பங்குக்குச் சுமார் 12 வாட்டைச் சூடாக்கித் தின்றுவிடும். அதை 20 வாட் எல்.இ.டி. பட்டையாக மாற்றினால், தினம் 6 மணி நேரத்துக்கு, வருடத்தில் 61 யூனிட் மிச்சம். பழைய பட்டையிலேயே எல்.இ.டி. டியூபைச் செருகுபவர்கள், டியூபோடு வரும் வரைபடம் வேறு சொன்னாலொழிய, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். சோக்கை விட்டுவைத்தால் அது சும்மா இருக்காது, கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

நட்சத்திரம் கொடுப்பதும் பல்பை விற்க அனுமதிப்பதும் இரண்டு வெவ்வேறு அமைப்புகளின் வேலை. இது பலருக்குத் தெரியாததால் லேபிளிடம் அது தராத உத்தரவாதத்தை எதிர்பார்க்கிறோம். நட்சத்திர லேபிள், 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் பணியகத்தின், அதாவது பி.இ.இ.யின் பொறுப்பு. பல்பு ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல், சொன்ன வேலையைச் செய்கிறதா என்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின், அதாவது பி.ஐ.எஸ்.ஸின் பொறுப்பு. அதற்கான தரநிலை ஐ.எஸ். 16102. அதன் முதல் பகுதி பாதுகாப்பு, இரண்டாம் பகுதி செயல்திறன். எல்.இ.டி. பல்பு கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருவதால், பல்பில் ஐ.எஸ். எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அட்டையில் மட்டும் இருந்தால் போதாது, பல்பின் உடம்பில் பாருங்கள். அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால் எந்தத் தொழிற்சாலை, எந்தப் பொருளுக்காக வாங்கிய பதிவு என்று காட்டும். அங்கே வருவது செல்போன் சார்ஜர் என்றால் பல்பைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். நட்சத்திரத்தைச் சரிபார்க்க பி.இ.இ. ஸ்டார் லேபிள் என்று தனிச் செயலி இருக்கிறது. அதில் கம்பெனியும் மாடல் எண்ணும் கொடுத்துத் தேடலாம். லேபிளில் அது எந்தக் காலத்துக்குச் செல்லும் என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் பார்த்திருப்பீர்கள், அளவுகோலை உயர்த்தும்போது பழைய ஐந்து புதிய நான்காகிவிடும். அதனால் காலத்தைப் பார்க்காமல் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவது அரைகுறை வாசிப்பு.

நட்சத்திரம் அளக்காதவை என்னென்ன? முதலாவது நிறம், அதைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள். 6,500 கெல்வின் வெள்ளை பல்புக்கும் 3,000 கெல்வின் மஞ்சள் பல்புக்கும் ஒரே அட்டவணைதான். நீல எல்.இ.டி.மேல் பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள்தான் வெள்ளை ஒளியைத் தருகிறது. மஞ்சள் வேண்டுமென்றால் அதிக நீலத்தைச் சிவப்புப் பக்கம் மாற்ற வேண்டும், அந்த மாற்றத்தில் சக்தி வீணாகும், சிவப்பை நம் கண்ணும் குறைவாகவே உணரும். அதனால் ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் மஞ்சள் பல்பின் லுமன் குறைவாக இருந்தால் அது ஏமாற்று அல்ல. இரண்டாவது, பொருட்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், சி.ஆர்.ஐ. என்பார்கள், 100தான் அதன் உச்சம். 90 சி.ஆர்.ஐ. பல்பு, அதே தரத்து 80 சி.ஆர்.ஐ. பல்பைவிட லுமனில் பின்தங்கும், ஆகவே நட்சத்திரத்திலும் பின்தங்க வாய்ப்பு அதிகம். புடவைக் கடை, தையல் மேசை, கண்ணாடி முன்னால் நிற்கும் இடம், இங்கெல்லாம் ஒரு நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்து 90 சி.ஆர்.ஐ. வாங்குவதே சரியான முடிவு என்பது என் கருத்து. ஐரோப்பிய விதியில் நல்ல நிறம் காட்டும் பல்புக்குக் கூடுதல் வாட் அனுமதிக்கும் ஒரு பெருக்கல் எண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். நம் அட்டவணையிலும் அது இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கப் பார்க்கும். பல்புக்குள் மின்சாரத்தைச் சிறிது தேக்கிவிடும் கெப்பாசிட்டர்தான் அந்த ஏற்ற இறக்கத்தை நிரவ வேண்டும். விலை குறைக்கும்போது முதலில் சிறுத்துப்போவது அதுதான். செல்போன் கேமராவைப் பல்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு அதிகம். ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பார்த்தால் தொடர்ச்சியான மங்கலுக்குப் பதில் தனித்தனிப் பேனாக்களாகத் தெரியும். நீண்ட நேரம் படிப்பவர்களுக்குத் தலைவலி வருவதற்கு இது ஒரு காரணம். ஐரோப்பாவில் 2021 முதல் இதற்கும் எண் வைத்து வரம்பு கட்டி, 2024 செப்டம்பரில் இன்னும் இறுக்கினார்கள்.

ஐரோப்பாவைச் சொன்னதால் ஓர் ஒப்பீடு. வாட்டுக்கு 112 லுமன் தரும் பல்பு மேலே சொன்ன அட்டவணையில் நான்கு நட்சத்திரம். அதே பல்புக்கு ஐரோப்பிய லேபிளில் கிடைப்பது 'இ', அதாவது ஏ முதல் ஜி வரையிலான ஏழில் ஐந்தாவது இடம். 120 லுமன் தரும் நம் ஐந்து நட்சத்திரத்துக்கும் அதே 'இ'தான். அங்கே 'ஏ' வாங்க 210 லுமன் வேண்டும். பழைய ஐரோப்பிய லேபிளில் எல்.இ.டி. எல்லாம் ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் என்று உச்சியில் குவிந்து, நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க முடியாமல் போனது. அதனால் 2021 செப்டம்பர் 1 அன்று அளவுகோலையே நீட்டிவிட்டார்கள். நேற்று வரை ஏ பிளஸ் என்று விற்ற பல்பு மறுநாள் 'எஃப்' ஆனது. பல்பு அதேதான். மேலே இடம் காலியாக வைத்ததன் பலன், 4 வாட்டில் 840 லுமன் தரும் பல்புகள் சந்தைக்கு வந்தன. அதே விதிப்படி 806 லுமன் தரும் சாதாரண பல்பு அங்கே சுமார் 9 வாட்டுக்கு மேல் இழுத்தால் விற்கக் கூடாது.

அமெரிக்காவின் கதை வேறு பாடம். 2007 டிசம்பரில் நிறைவேறிய எரிசக்திச் சட்டம் எந்த பல்பையும் பெயர் சொல்லித் தடை செய்யவில்லை. 100 வாட் பல்பின் வெளிச்சத்தை இனி 72 வாட்டுக்குள் தர வேண்டும், 75 வாட்டின் வெளிச்சத்தை 53க்குள், 60ஐ 43க்குள், 40ஐ 29க்குள் என்று 2012 முதல் 2014 வரை படிப்படியாக வரம்பு வைத்தது. 43 வாட்டில் அந்த வெளிச்சத்தைத் தர ஹாலஜன் பல்பால், அதாவது வாயு நிரப்பிய மேம்பட்ட இழை பல்பால் முடிந்தது. ஆகவே குண்டு பல்பு போய் ஹாலஜன் வந்து உட்கார்ந்துகொண்டது, மிச்சம் கால்பங்குதான். அதே சட்டத்தில் இரண்டாம் படி ஒன்று இருந்தது, 2020 முதல் வாட்டுக்கு 45 லுமன். எந்த இழை பல்பும் அதைத் தாண்டாது, சி.எஃப்.எல்.லும் எல்.இ.டி.யும் சுலபமாகத் தாண்டும். 2019இல் அரசு அதை நிறுத்திவைத்தது, 2022இல் மீண்டும் கொண்டுவந்தது, 2023 ஆகஸ்ட் முதல் கடைகளில் முழுமையாக நடைமுறையானது. அடுத்த படியாக 2024இல் அறிவித்தது வாட்டுக்கு 120 லுமனுக்கு மேல், 2028 ஜூலை முதல். தரநிலையில் எண்ணை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். வாட்டுக்கு 17 லுமன் மட்டுமே தரும் ஹாலஜன் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டதால் அந்த நாட்டில் பத்து வருடம் மின்சாரம் வீணானது.

இந்தியாவில் குண்டு பல்பைத் தோற்கடித்தது முக்கியமாக விலை. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தில், பொதுத்துறையின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு பல்பு வாங்கியது. 2014 தொடக்கத்தில் ஒரு பல்புக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. மொத்தம் 36 கோடிக்கும் மேல் பல்புகள் மக்களிடம் போயின. மூன்று வருட உத்தரவாதம் உட்பட தொழில்நுட்ப நிபந்தனைகளை டெண்டரிலேயே எழுதியதால் அது மலிவு விற்பனையாக மட்டும் நிற்கவில்லை. ஆனால் அந்த விலைக்குப் பழகிய சந்தையில், நிபந்தனை எதுவும் இல்லாமல் அதே விலையில் பல்பு செய்ய நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். பல்பு ஒரே வருடத்தில் போவது ஏன் என்ற கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

25,000 மணி நேரம் என்பதை யாரும் எரித்துப் பார்த்து எழுதுவதில்லை. அது கிட்டத்தட்ட மூன்று வருடம் அணையாமல் எரிய வேண்டிய நேரம், அதற்குள் மாடலே மாறிவிடும். சர்வதேசத் தரநிலை 62612 (நம் 16102இன் இரண்டாம் பகுதி இதை ஒட்டியது) சொல்வது இதுதான்: சொன்ன ஆயுளில் கால்பங்கு, அதிகபட்சம் 6,000 மணி நேரம், அதாவது 250 நாள் எரித்து, வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார். ஆயுள் என்று எழுதுவது வழக்கமாக வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் நேரம், அதை இந்தச் சோதனை நேராகக் காட்டுவதில்லை. கூடவே 30 நொடி போட்டு 30 நொடி அணைக்கும் சோதனை, 25,000 மணி நேர பல்புக்கு 12,500 தடவை. வெப்பமும் குளிரும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் சோதனையும் உண்டு. ஆக, அட்டையில் இருக்கும் ஆயுள் எல்.இ.டி. மணிகள், அதாவது பல்புக்குள் ஒளி தரும் சின்னப் புள்ளிகள், மெல்ல மங்கும் ஆயுள். வீட்டில் பல்பு மங்கிச் சாவது அபூர்வம். டிரைவர் என்னும் மின்சுற்று செத்து ஒரேயடியாக அணைகிறது. ஆய்வகத்தில் ஒளியை அளப்பது 25 டிகிரியில், பல்பு திறந்த வெளியில் தொங்கும்போது. மே மாதத்தில் கான்கிரீட் கூரையை ஒட்டிய மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருக்கும் வெப்பம் அந்தச் சோதனையில் இல்லை.

வெப்பம் ஏன் கொல்கிறது என்று பார்க்கலாம். குண்டு பல்பு தன் வெப்பத்தைக் கதிராக வீசிவிடும், உள்ளே இழை சூடாக இருப்பதுதான் அதன் வேலையே. எல்.இ.டி. அப்படி வீசாது. 9 வாட் பல்பில் ஒளியாக வெளியேறுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் 6 வாட் வெப்பம் அலுமினியத் தட்டு வழியாக உடம்புக்கு இறங்கிக் காற்றில் கலக்க வேண்டும். அந்த வழியில்தான் டிரைவரின் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே ஈரப்பசை, சூட்டில் அது மெல்ல வற்றும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுவியலில் எல்லோரும் கையாளும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி என்று குறிப்பிட்ட கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி தாங்கும், 85இல் 8,000தான். மூடிய கிண்ணத்தில் போட்ட பல்பு மூன்றில் ஒரு பங்கு காலத்தில் போனால் ஆச்சரியமே இல்லை. கிண்ணம் வேண்டும் என்றால் 9 வாட்டுக்குப் பதில் 5 வாட் போடுங்கள், அல்லது அடியில் காற்று போக வழியுள்ள கிண்ணம் வாங்குங்கள்.

இங்கே ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு மறைமுக நன்மை இருக்கிறது. எல்.இ.டி. மணியில் மின்னோட்டத்தை ஏற்றினால் வெளிச்சம் கூடும், ஆனால் திறன் குறையும். 120 லுமனை எட்ட விரும்பும் தயாரிப்பாளர் மணிகளை அதிகமாக வைத்து, ஒவ்வொன்றையும் மெதுவாக எரிய விடுவார். அப்போது அதே வெளிச்சத்துக்கு வெப்பம் குறைவு. ஆக, நட்சத்திரம் ஆயுளை அளக்காவிட்டாலும், அதே லுமனுக்குக் குறைந்த வாட் என்று தேர்ந்தெடுத்தால் பல்பு குளிர்ச்சியாக எரியும். அதே வாட்டில் அதிக லுமன் என்று வாங்கினால் இந்த நன்மை பெரும்பாலும் கரைந்துபோகும். மூடிய இடங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்க இது பில் மிச்சத்தைவிட நல்ல காரணம்.

வெப்பத்துக்கு அடுத்த எதிரி மின்னழுத்தம். ஒரே நாளில் மூன்று நான்கு பல்புகள் சேர்ந்து போனால் பல்பைக் குறை சொல்லாதீர்கள், நியூட்ரல் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டிலோ தெருக் கம்பத்திலோ நியூட்ரல் தளர்ந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும். குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து எச்சரிக்கும். எல்.இ.டி. டிரைவர் தன் வரம்பு வரை வெளிச்சத்தை மாற்றாமல் தாங்கிவிட்டு, அதன்பின் சொல்லாமல் போய்விடும். அட்டையில் 100 முதல் 300 வோல்ட் வரை என்று போட்டிருந்தால், கிராமப்புற மின்தடத்தில் இருப்பவர்கள் அதையே எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இடி இறங்கும் இடங்களில் சர்ஜ் பாதுகாப்பு, அதாவது திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தாங்கும் அளவு, எத்தனை கிலோவோல்ட் என்பதையும் பாருங்கள்.

பல்பு காட்டும் அறிகுறிகளும் காரணத்தைச் சொல்லும். ஸ்விட்சை அணைத்த பிறகும் மினுக்கென்று எரிந்தால், ஸ்விட்சில் உள்ள சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிகிறது, அல்லது ஸ்விட்சை பேஸுக்குப் பதில் நியூட்ரலில் போட்டு வயரிங் செய்திருக்கிறார்கள். இரண்டாவது ஆபத்தானது, அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் இருக்கும், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். சூடான பின் அணைந்து, ஆறிய பின் எரிந்து, மறுபடி அணைந்தால், வரிசையில் இருக்கும் மணிகளில் ஒன்றின் உள்கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறது. மணிகள் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று போனால் எல்லாம் அணையும், மூடியைக் கழற்றினால் அந்த ஒரு மணியில் கறுப்புப் புள்ளி தெரியும். நாளாக நாளாக மங்கிக்கொண்டே போனால், டிரைவருக்குப் பதில் ஒரு கெப்பாசிட்டரை மட்டும் வைத்து மின்சாரத்தைக் குறைக்கும் மலிவு அமைப்பாக இருக்கலாம், அந்தக் கெப்பாசிட்டர் வலுவிழந்துவிட்டது. கறுத்த மணியை ஷார்ட் செய்து பல்பை உயிர்ப்பிப்பதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். பெரும்பாலான மலிவு பல்புகளில் மணித்தட்டுக்கும் மின்கம்பிக்கும் இடையில் பிரிப்பே கிடையாது. மூடி இல்லாமல் ஹோல்டரில் மாட்டிய அந்தத் தட்டைத் தொடுவது மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம். மூடியை ஒட்டாமல் எந்த பல்பையும் எரியவிடாதீர்கள். ஃபேன் ரெகுலேட்டர் வழியாகச் சாதாரண எல்.இ.டி. பல்பை எரிப்பதும் வேண்டாம்.

அட்டையில் சொன்னது உண்மையா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்பதுபோல் ஓர் எண் இருக்கும். ஃபிரிட்ஜ், வைஃபை, டிவி எல்லாவற்றின் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒரே மாடல் பல்புகள் பத்தை எரியவிடுங்கள். ஒற்றை பல்பை வைத்து அளக்காதீர்கள், 9 வாட் என்பது 39 மில்லிஆம்பியர், மீட்டர் எண்ணத் தொடங்கும் எல்லைக்கே அது அருகில். இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 36 லட்சத்தை மீட்டரின் துடிப்பு எண்ணால் வகுத்து, வந்ததை நொடியால் வகுத்தால் வாட். 3,200 துடிப்பு மீட்டரில் 12.5 நொடி வந்தால் 90 வாட், பல்புக்கு 9. தரநிலை வாட்டில் 10 சதவீதம் வரை கூடுதலை அனுமதிப்பதால், பல்புக்கு 9.9 வரை வந்தால் புகார் சொல்ல முடியாது.

வெளிச்சத்தை ஒப்பிட, செல்போனின் லக்ஸ் செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் ஒரே போனில் இரண்டு பல்புகளை ஒப்பிட அது போதும். பல்புக்கு நேர் கீழே வைத்து அளந்தால் தப்பு வரும், ஏனென்றால் எல்.இ.டி. பல்பு முன்பக்கமே அதிகம் வீசும். ஆய்வகத்தில் உள்பக்கம் வெள்ளை பூசிய பெரிய கோளத்துக்குள் பல்பை வைத்து, சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பார்கள். வெள்ளையடித்த சின்னக் குளியலறை அதற்கு நெருங்கிய மாற்று. போனை பல்பு நேராகத் தெரியாத மூலையில், ஒரே இடத்தில் வைத்து, பல்பை அரைமணி நேரம் எரியவிட்டு எண்ணைக் குறியுங்கள். மாட்டிய உடனேயும் ஒரு தடவை பாருங்கள். அரைமணியில் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்த பல்பின் உள்ளே அலுமினியம் பற்றாக்குறை. இரண்டு பல்புகளைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாலும் இது ஓரளவு தெரியும்.

கடைக்குப் போகும்போது: எத்தனை லுமன் என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். பல்பின் உடம்பில் பதிவு எண், அட்டையில் நட்சத்திர லேபிள் இரண்டும் இல்லாததை விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கள். இரவு முழுக்க எரியும் இடத்துக்கும் மூடிய கிண்ணத்துக்கும் நான்கு, ஐந்து நட்சத்திரம். மற்ற இடங்களுக்கு மூன்று போதும், அந்தப் பணத்தை நல்ல சி.ஆர்.ஐ.க்கும் இரண்டு வருட உத்தரவாதத்துக்கும் கொடுங்கள். பில்லில் மாடல் எண் எழுதச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் பல்பின் கழுத்தில் மார்க்கரால் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் எழுதிவிடுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் போன பல்பை மாற்றித் தரச் சொல்லும்போது, கடைக்காரர் முதலில் கேட்பது எப்போது வாங்கினீர்கள் என்பதைத்தான்.